சிடி4 நன்றாக இருக்கிறது, இதயம்? ஏ.ஆர்.டி. எடுப்பவர்கள் ரத்த ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து. அதைக் கொடுக்கும் எங்கள் சென்டரில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “சிடி4 எவ்வளவு வந்திருக்குதுங்க?” என்பதுதான். நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையின் எண்ணிக்கை அது. 600, 700 என்று சொன்னதும் முகம் தெளிந்துவிடும். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதே தாளில் இருக்கிற ஹீமோகுளோபின், சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பற்றி யாரும் கேட்பதில்லை. பிரஷர் பார்க்கக் கூப்பிட்டால், “அதுக்கு எதுக்குங்க மேடம், நான் எச்.ஐ.வி.க்குத்தானுங்களே வந்தேன்” என்பார்கள். அந்த மீதி எண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாமக்கல் பக்கம் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் லாரி ஓட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள் அதிகம். 2004 ஏப்ரலில் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் மருந்து தொடங்கி, விடாமல் சாப்பிட்டு வந்தவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் தாண்டி, பேரன் பேத்தி பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் பயந்தது டிபிக்கும் மூளைக் காய்ச்சலுக்கும். இன்றைக்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவருக்கு நான் பயப்படுவது மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும். அதே வயது, அதே பழக்கங்கள் உள்ள மற்றவர்களைவிட எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

அது ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் மீதி எண்களைப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நோய் எதிர்ப்பு வேலையில் சிடி4 செல்தான் மற்றவற்றை ஏவிவிடுவது. கிருமி வந்திருக்கிறது என்று தெரிந்ததும், எதிர்ப்பொருள் உண்டாக்கும் செல்களையும் கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் செல்களையும் அதுதான் தூண்டுகிறது. எச்.ஐ.வி. குறி வைப்பது அதையே. செல்லின் மேல் இருக்கிற சிடி4 என்ற புரதத்தில் ஒட்டி, பக்கத்தில் இருக்கிற இன்னொரு புரதத்தையும் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் மரபணுவோடு சேர்த்துவிடுகிறது. மாத்திரை ரத்தத்தில் இருக்கும் வரை புது வைரஸ் பெருக முடியாது. ஆனால் மரபணுவில் ஏற்கெனவே சேர்ந்தது அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்ப ரத்தத்தில் தெரிவது அதனால்தான்.

இதுவரை நிறையப் பேருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது குடல் விஷயம். நம் சிடி4 செல்களில் பெரும்பகுதி இருப்பது குடல் சுவரில். தொற்று வந்த முதல் சில வாரங்களிலேயே, ஆளுக்கு ஒன்றும் தெரியாதபோதே, அந்தச் செல்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. காவல் போன குடல் சுவர் வழியாகப் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. ரத்தத்தில் பாக்டீரியாத் துணுக்கைப் பார்த்தால் எதிர்ப்புச் சக்தி சும்மா இருக்காது. எந்நேரமும் விழித்துக்கொண்டு, அழற்சி உண்டாக்கும் ரசாயனங்களைச் சுரந்துகொண்டே இருக்கும். மருந்து ஆரம்பித்தால் இது நிறையவே அடங்கும், முழுக்க அடங்குவதில்லை.

லாரிக்காரர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: வண்டி செட்டில் நிற்கிறது, ஆனால் என்ஜினை ஆஃப் பண்ணவில்லை. ஓடாவிட்டாலும் டீசல் போகிறது, என்ஜின் தேய்கிறது. வைரஸ் அடங்கிய உடம்பிலும் எதிர்ப்புச் சக்தி அப்படித்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தேய்மானம் விழுகிற இடம் ரத்தக் குழாயின் உள்சுவர். ஒரே ஒரு செல் கனமுள்ள அந்தப் படலம்தான் குழாய் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும், ரத்தம் எங்கே உறையக் கூடாது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. அழற்சியால் அது கெட்டால் கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழையும். தூண்டப்பட்ட வெள்ளை அணுக்கள் பின்னாலேயே போய் அந்தக் கொழுப்பை விழுங்கி அங்கேயே தங்கிவிடும். அப்படித்தான் அடைப்பு உருவாகிறது. இதோடு ரத்தத்தின் உறையும் தன்மையும் கூடுகிறது. சிடி4 குறைந்திருக்கும் காலத்தில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, ஒரு கால் மட்டும் வீங்கி வருகிறவர்களைப் பார்க்கிறோம். எதிர்ப்புச் சக்திக்கு வந்த நோய் ரத்த ஓட்டத்தையும் தொடுவது இந்த வழியில்தான்.

மருந்தே எடுக்காமல் சிடி4 மிகவும் விழுந்துவிட்டால் இதயத்துக்கு வருகிற கேடு வேறு மாதிரி. நம் நாட்டில் டிபி அதிகம். அது இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்து, இதயத்தை விரியவிடாமல் அமுக்கிவிடும். இதயத் தசையே பலமிழந்து பெரிதாகிவிடுவதும் உண்டு. மூச்சிரைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது என்று வருகிறவர்களுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களிடம் இவற்றை அபூர்வமாகவே பார்க்கிறோம். 2017-இலிருந்து இந்தியாவில் சிடி4 எவ்வளவு என்று பார்த்துக் காத்திருப்பதில்லை, எச்.ஐ.வி. என்று உறுதியானதுமே மருந்து தொடங்குகிறோம். “உடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஆரம்பிச்சுக்கலாம்” என்று தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

பச்சைப் புத்தகத்தைத் திறங்கள்

சென்டரில் கொடுத்த பச்சைப் புத்தகத்தையும் ரிப்போர்ட் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே ஒரு நாள் எண்ணைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதிப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற எண். மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று நேரடியாகச் சொல்வது அதுதான். மருந்து தொடங்கி 6 மாதத்தில் ஒரு முறை, 12 மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை எடுப்போம். “டார்கெட் நாட் டிடெக்டட்” என்று வந்தால் மெஷினுக்கு எட்டாத அளவு குறைவு என்று அர்த்தம். உடம்பில் வைரஸே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நிலையில் இருக்கும் வரை உடலுறவின் மூலம் துணைக்குப் பரவாது. 1000-க்கு மேல் வந்தால் முதலில் மாத்திரை தவறியதா என்று உட்கார்ந்து பேசுவோம். சில மாதம் கவனமாகச் சாப்பிடவைத்துத் திரும்ப எடுப்போம். அதன் பிறகும் குறையாவிட்டால்தான் மருந்தை மாற்றுகிற பேச்சு. உங்கள் புத்தகத்தில் வைரல் லோடு பகுதி ஒரு வருடத்துக்கு மேல் காலியாக இருந்தால், அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள்.

சிடி4 நல்ல ஆரோக்கியத்தில் உள்ளவர்களுக்கு 500-இலிருந்து 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்கிறோம். எதிர்ப்புச் சக்தி குறைந்ததைப் பயன்படுத்திக்கொள்ளும் சந்தர்ப்பவாத நோய்கள் நுழைகிற எல்லை அது. 100-க்கும் கீழே போனால் மூளை உறையில் பூஞ்சைத் தொற்று வருகிற பயம், 50-க்குக் கீழே கண் பார்வையைக் கெடுக்கும் தொற்றுகள். ஆனால் 650 இருந்தது 540 ஆகிவிட்டது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலையில் எடுத்த ரத்தத்துக்கும் மாலையில் எடுத்த ரத்தத்துக்குமே சிடி4 மாறும். சளிக்காய்ச்சல் வந்தாலும் மாறும். வைரல் லோடு அடங்கியிருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம். சிடி4 நன்றாக ஏறி, வைரல் லோடும் அடங்கி நிலையாக இருப்பவர்களுக்கு அதை அடிக்கடி எடுப்பதையே நிறுத்திவிடுவோம். “எனக்கு மட்டும் ஏனுங்க சிடி4 எடுக்கறதில்லை?” என்று மனத்தாங்கலோடு கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

அடுத்து ஹீமோகுளோபின். ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. எச்.ஐ.வி. தானே எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும், டிபியும் குறைக்கும், சத்துக் குறைவு, பூச்சி, பெண்களுக்கு அதிக மாதவிடாய் எல்லாம் சேர்ந்துகொள்ளும். மாத்திரையில் சிடோவுடின் இருந்தால் அது தனிக் காரணம்: தொடங்கிய முதல் சில மாதங்களில் ஹீமோகுளோபின் சட்டென்று விழலாம். அதனால்தான் அந்த மாத்திரைக்காரர்களை அடிக்கடி ரத்தம் கொடுக்கச் சொல்கிறோம், சலித்துக்கொள்ளாமல் வாருங்கள். ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் அது. சிடோவுடின் எடுப்பவர்களுக்கு அது 100-க்கு மேல் போவது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு பி12 குறைவு என்று வெளியில் ஊசி போட்டுக்கொள்ளும் முன் எங்களிடம் காட்டுங்கள். இப்போது பெரும்பாலானோர் எடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த டிஎல்டி மாத்திரை. அதில் இந்தப் பிரச்சினை இல்லை.

பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் குறைந்து வந்தால் உடனே டெங்கு என்று நினைத்துவிட வேண்டாம்; காய்ச்சல் இல்லாமலே எச்.ஐ.வி.யாலும் குறையும். மருந்து தொடர்ந்தால் பெரும்பாலும் ஏறிவிடும். ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அன்றே வாருங்கள்.

கிரியாட்டினின் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். டெனோஃபோவிர் சிலருக்கு சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் டோலுடெக்ராவிர் தொடங்கிய சில வாரத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றுவிடும். சிறுநீரகம் கெட்டதால் ஏறுவதில்லை. கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வழியை அந்த மருந்து அடைப்பதால் ஏறுகிறது. எது எது என்று பிரித்துப் பார்க்க சிறுநீரில் புரதம் போகிறதா என்று சேர்த்துப் பார்ப்போம். எண் ஏறிவிட்டதே என்று பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

கொலஸ்ட்ராலில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு இரண்டையும் பாருங்கள். முதல் மருந்து பலிக்காதபோது மாற்றித் தரும் இரண்டாம் நிலை மருந்தில் ரிடோனாவிர் சேர்ந்தது எடுப்பவர்களுக்கு இவை கூடுவதை அதிகம் பார்க்கிறோம். டோலுடெக்ராவிர் கொலஸ்ட்ராலை அவ்வளவாக ஏற்றாது, எடை போடும். ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இடுப்பளவையும் கவனியுங்கள். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்தால் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பல வருடம் மெலிந்து கிடந்து பிறகு சதை பிடித்தவர்களுக்கு எடையைக் குறை என்றால் மனசு கேட்பதில்லை. “ஊர்ல பாக்கறவங்க எல்லாம் இப்பத்தான் உடம்பு தேறியிருக்குதுன்னு சொல்றாங்க, மறுபடி இளைச்சா என்ன நெனப்பாங்க?” என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இளைக்கச் சொல்லவில்லை, இடுப்பை மட்டும் கட்டுக்குள் வையுங்கள் என்று சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பிரஷர் பார்க்கும் விதம்

எல்லா எண்ணிலும் மலிவாகப் பார்க்க முடிவது, அதிகம் தவறாகப் பார்க்கப்படுவது, இதுதான்.

லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்து, வாசலில் ஒரு டீயும் பீடியும் முடித்துவிட்டு, மாடியேறி வந்த கையோடு சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் 156/98 காட்டும். அந்த எண்ணை நம்பி மாத்திரை தொடங்கவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. எனவே டீ, காபி, புகை முடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்து, காலைப் பின்னிக்கொள்ளாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேஜை மேல் இருக்கட்டும். பட்டை சுற்றிய இடம் நெஞ்சு மட்டத்தில் வர வேண்டும். சட்டைக் கையை மேலே ஏற்றி வெறும் தோலில் பட்டையைக் கட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் இருக்கிற எங்கள் ஆட்களிடமும் இதை உரிமையோடு கேட்கலாம்.

இப்படிப் பார்த்தும் வேறு வேறு நாட்களில் 140/90-க்கு மேல் இருந்தால் அது பிரஷர்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்த மாத்திரை எது என்று எங்களிடம் காட்டியே ஆக வேண்டும். காரணம் அடுத்து வருகிறது.

ஒரு மாத்திரை இன்னொன்றைக் கெடுக்கும்

டிஎல்டி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது சில. வயிற்றெரிச்சலுக்கு வாங்கிக் குடிக்கிற டைஜீன், ஜெலுசில் மாதிரி மருந்துகளில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மாத்திரை ரத்தத்தில் சேராது. டிஎல்டியைச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து அவற்றைக் குடியுங்கள். முதலிலேயே குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்து டிஎல்டி சாப்பிடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளிதான். அல்லது இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு டிஎல்டியோடு சேர்த்தே எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இரண்டு மாத்திரையும் அவர்களுக்குத் தினமும் உண்டு.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிரோடு சேரும்போது அது ரத்தத்தில் கூடும். பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். சர்க்கரை டாக்டரிடம் டிஎல்டி பெயரைச் சொல்லாமல் இருந்தால் அவருக்கு இது தெரிய வழியில்லை. டிபிக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிரைக் காலையும் இரவும் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் மாத்திரையை வாங்காமல் டிபி மருந்தை மட்டும் வெளியில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ரிடோனாவிர் எடுப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் கூடவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகம் வரை போய்விடும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் எர்கோடமின் சேர்ந்தால் கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் கறுத்துப் போகும். ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுக்கும் க்ளோபிடோக்ரெல் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ரிவராக்ஸபான் அளவுக்கு மீறி வேலை செய்து ரத்தக் கசிவு வரலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி எதுவானாலும் முதலில் கேளுங்கள். நோயை மறைக்க வேண்டும் என்று மருந்தையும் மறைத்துவிடுகிறார்கள். நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான்.

நிறுத்தாதீர்கள்

சிடி4 நன்றாக இருக்கிறது, கொஞ்ச நாள் மருந்துக்கு லீவு விடலாமே என்று ஒரு காலத்தில் டாக்டர்களே யோசித்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. 5472 பேர் கலந்துகொண்ட ஆய்வு. சிடி4 350-க்கு மேல் இருந்தால் நிறுத்தி, 250-க்குக் கீழே போனால் திரும்பத் தொடங்கிய குழுவில் இறப்பும் கூடியது, இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் கூடின. சிடி4 நன்றாக இருந்தபோதே கூடின. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லோரையும் மருந்தைத் தொடரச் சொன்னார்கள். மூலிகையால் முழுதாகக் குணமாக்குகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், அவர் சொல்லைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வடநாட்டுக்கு லோடு ஏற்றிப் போகிறவர்களுக்கு: நிலையாக இருக்கிறவர்களுக்குச் சில மாத மாத்திரையைச் சேர்த்தே தருகிறோம், கேட்டு வாங்குங்கள். டேஷ்போர்டில் வெயில் படும் இடத்தில் டப்பாவை வைக்க வேண்டாம். வழியில் தீர்ந்துவிட்டால் எந்த மாநிலமானாலும் அங்குள்ள அரசு ஏ.ஆர்.டி. சென்டரில் பச்சைப் புத்தகத்தைக் காட்டி இடைக்கால மருந்து வாங்கலாம். சென்டர் எங்கே என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லை என்றால் மறந்ததை விட்டுவிட்டு, அடுத்ததை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம்.

பீடி, சிகரெட், வாயில் ஒதுக்குகிற புகையிலை

டென்மார்க்கில், நல்ல சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்கிற இடத்தில், எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்தார்கள். 35 வயதில் இருக்கிற ஒருவர் எச்.ஐ.வி.யால் இழப்பது சுமார் 5 வருடம் என்றால், புகைப்பதால் இழப்பது சுமார் 12 வருடம். வைரஸை அடக்க இத்தனை வருடம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டவர் பீடிக்கு அந்த ஆயுளைக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. தூக்கம் வராமல் இருக்கத்தான் இழுக்கிறேன் என்கிறவர்களுடன் சண்டை போடுவதில்லை. இரவு ஓட்டத்தில் எந்தெந்த இடத்தில் கை தானாகப் பீடிக்குப் போகிறது என்று கேட்பேன்: செக்போஸ்ட், டீக்கடை, டீசல் போட்ட பிறகு, லோடு இறக்கக் காத்திருக்கும்போது. அதில் ஒன்றை மட்டும் முதலில் விடச் சொல்வேன். விட முடியாதவர்களுக்கு நிக்கோடின் சூயிங்கம் உண்டு, டிஎல்டியோடு அதனால் தொந்தரவு இல்லை.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய பட்டியல் கிடையாது. உப்பு முழு நாளைக்கும் ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இரவில் புரோட்டாவும் சால்னாவும் மட்டுமே என்பதைப் பாதி நாளாவது இட்லி, சப்பாத்தி, காய்கறி என்று மாற்றுங்கள். எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி முட்டை. தினம் ஒன்று சாப்பிடலாம், பயப்பட வேண்டாம். சத்துக்காக என்று நாலைந்து முட்டையை எண்ணெயில் பொரித்துத் தின்ன வேண்டிய அவசியம் இல்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரை எனக்கு வேண்டுமா?

இதை நாற்பது தாண்டிய ஒவ்வொருவரும் டாக்டரிடம் கேட்க வேண்டும். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருந்தில் நிலையாக இருக்கிற 40 முதல் 75 வயது வரையிலான 7769 பேரைச் சேர்த்திருந்தார்கள். இந்தியா உட்பட 12 நாடுகள். பாதிப் பேருக்குத் தினம் 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாடின் (ஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து வகையில் ஒன்று), பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. இவர்களில் யாரும் இதய நோயாளிகள் அல்ல. சாதாரணக் கணக்குப்படி ஆபத்து குறைவு என்று அனுப்பிவிடப்படுகிறவர்கள். அவர்களிடமே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 35 சதவீதம், குறைந்தன. கொலஸ்ட்ரால் நார்மல் என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தாலும் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பேச்சு அதோடு முடியவில்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டாடின், எவ்வளவு என்பது உங்கள் வயது, பிரஷர், சர்க்கரை, நீங்கள் எடுக்கும் ஏ.ஆர்.டி. எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நடு நெஞ்சில் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, கூடவே வியர்த்துக் கொட்டுவது. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பும் குமட்டலும் அசதியுமாக வரலாம். வாயு என்று சோடா குடித்துப் படுக்காதீர்கள், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றால் அங்கே போனாலும் சரி. இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் முதல் வேளையை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். முகம் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சு குழறுவது பக்கவாதம், அதற்கும் 108-தான். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். சிடி4 குறைவாக இருக்கும்போது விடாத தலைவலியும் காய்ச்சலும் வந்தால் சென்டர் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மருந்து தொடங்கிய முதல் சில வாரத்தில் புதிதாகக் காய்ச்சலோ கழுத்தில் கட்டியோ வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே முடிவு கட்டி நிறுத்தாதீர்கள். எழுந்து வருகிற எதிர்ப்புச் சக்தி ஒளிந்திருந்த டிபியைக் கண்டுபிடித்திருக்கலாம்.

எச்.ஐ.வி. என்று தெரிந்தால் அவசரப் பிரிவில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வீட்டிலேயே வலியைத் தாங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, அரசானாலும் தனியாரானாலும், இதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது. பொதுவாக உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை மற்றவருக்குச் சொல்லவும் கூடாது. மறுத்தால் அங்கிருந்தே உங்கள் சென்டருக்குப் போன் போடுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

இன்றே ஒரு சின்ன அட்டையை எடுங்கள். அதில் நீங்கள் சாப்பிடும் ஏ.ஆர்.டி. மாத்திரையின் பெயர், பிரஷர், சர்க்கரை மாத்திரை இருந்தால் அவற்றின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, கடைசியாக எடுத்த கிரியாட்டினின், சென்டரின் போன் எண் ஆகியவற்றை எழுதி லைசென்ஸுக்குப் பின்னால் வையுங்கள். எச்.ஐ.வி. என்று அதில் எழுத வேண்டியதில்லை. மாத்திரைப் பெயரைப் பார்த்தாலே டாக்டருக்குப் புரிந்துவிடும். அட்டை வேறு யார் கையில் கிடைத்தாலும் சில மருந்துப் பெயர்கள் மட்டும்தான் தெரியும்.